நிற்காத பெடல்: ஃபிக்ஸி சைக்கிள் என்றால் உண்மையில் என்ன?

போன மாதம் பினாங்கு ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். அக்கா மகன் தன் சைக்கிளைக் கடை வாசல் தூணில் சாய்த்து வைத்திருந்தான். மெல்லிய இரும்புச் சட்டம், ஒல்லியான டயர், முன்னால் ஒரு பல்சக்கரம், பின்னால் ஒரு பல்சக்கரம். பக்கத்து மேசைப் பெரியவர் அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தம்பி, இது பிரேக் இல்லாத லாஜாக் சைக்கிள்தானே? போலீஸ் புடிச்சா வீட்டுக்கு யார் பதில் சொல்றது?" என்றார். கூட வந்த நண்பன், "இல்ல அங்கிள், இது ஃபிக்ஸி. ஒரே கியர்தான் இருக்கும், அதனாலதான் ஃபிக்ஸின்னு சொல்றாங்க" என்றான்.

இருவர் சொன்னதும் சரியில்லை. அந்தச் சைக்கிளில் முன் பிரேக் இருந்தது. ஒரே கியர் இருப்பதும் ஃபிக்ஸிக்கு இலக்கணம் கிடையாது.

பத்து வருடத்துக்கு மேலாக இந்த வகைச் சைக்கிளை ஓட்டுகிறேன். பழைய சட்டங்களைத் தேடி எடுத்துச் சைக்கிள் கட்டுகிறேன். இந்தக் குழப்பத்தை வாரத்துக்கு ஒருமுறையாவது கேட்கிறேன். பெற்றோர் பயந்து வேண்டாம் என்று சொல்வதைக்கூடப் புரிந்துகொள்ளலாம். ஆனால் பிரேக்கைக் கழற்றினால்தான் உண்மையான ஃபிக்ஸி என்று நம்பி, நல்ல பிரேக்கைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு சாலையில் இறங்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. அதனால்தான் அடிப்படையிலிருந்து எழுதுகிறேன்.

மூன்று சக்கர சைக்கிளில் தொடங்குவோம்

இரண்டு வயதுக் குழந்தை ஓட்டும் மூன்று சக்கர சைக்கிளை நினைத்துக்கொள்ளுங்கள். பெடல் முன் சக்கரத்தின் அச்சிலேயே இருக்கும், செயின் கிடையாது. குழந்தை மிதித்தால் சக்கரம் சுற்றும். நாம் பின்னாலிருந்து தள்ளினால், குழந்தை மிதிக்காவிட்டாலும் பெடல் தானாகச் சுற்றும். கொஞ்சம் வேகமாகத் தள்ளிவிட்டால் கால் பெடலோடு ஓட முடியாமல், குழந்தை இரண்டு காலையும் அகட்டித் தூக்கிக்கொண்டு சிரிக்கும். பின்பக்கமாக மிதித்தால் வண்டியும் பின்னால் போகும்.

ஃபிக்ஸட் கியர் என்பது இதுதான். பெடலும் சக்கரமும் பிரிக்க முடியாதபடி பிணைந்திருக்கின்றன. ஒன்று சுற்றினால் மற்றதும் சுற்றியே ஆகவேண்டும். 'ஃபிக்ஸட்' என்ற சொல் குறிப்பது இந்தப் பிணைப்பை மட்டுமே. அதைச் செல்லமாகச் சுருக்கியதுதான் ஃபிக்ஸி.

பெரியவர்களின் ஃபிக்ஸியில் செயின் நடுவே வருகிறது. மிதிக்கும் இடத்தில் ஒரு பெரிய பல்சக்கரம், பின் சக்கரத்தில் ஒரு சின்னப் பல்சக்கரம், இரண்டையும் செயின் இணைக்கிறது. பின் பல்சக்கரம் சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பில் இறுக்கமாகத் திருகப்பட்டிருப்பதால், செயின் இருந்தாலும் மூன்று சக்கர சைக்கிளின் அதே குணம்தான்.

அந்த 'டிக் டிக்' சத்தம்

அப்படியானால் நம் வீட்டுச் சாதாரண சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினாலும் வண்டி ஓடுகிறதே, எப்படி? கேபிள் டை என்ற பிளாஸ்டிக் பட்டையைப் பார்த்திருப்பீர்கள். இழுத்தால் 'டிரிக் டிரிக்' என்று உள்ளே போகும், திரும்ப உருவ வராது. பட்டை முழுவதும் சாய்வான பற்கள் இருக்கின்றன, தலைப்பகுதிக்குள் ஒரு சின்ன நாக்கு இருக்கிறது. ஒரு திசையில் பல் நாக்கின் மேல் ஏறி வழுக்கிப் போகிறது. மறு திசையில் நாக்கு பல்லில் மாட்டிக்கொள்கிறது.

இந்தப் பட்டையை வட்டமாக வளைத்துப் பின் பல்சக்கரத்துக்குள் வைத்தால் அதுதான் ஃப்ரீவீல். முன்னோக்கி மிதிக்கும்போது நாக்கு பல்லில் மாட்டிச் சக்கரத்தை இழுத்துப் போகிறது. மிதிப்பதை நிறுத்தினால் சக்கரம் தன் போக்கில் ஓட, நாக்கு பற்களின் மேல் தட்டிக்கொண்டே வழுக்குகிறது. இறக்கத்தில் கேட்கும் 'டிக் டிக் டிக்' அந்த நாக்கின் சத்தம்தான்.

இதுவரை பார்த்தது: சாதாரண சைக்கிளில் கால் சக்கரத்தைத் தள்ளலாம், ஆனால் சக்கரம் காலைத் தள்ளாது. ஃபிக்ஸியில் கால் சக்கரத்தைத் தள்ளும், சக்கரமும் காலைத் தள்ளும்.

லாஜாக்கும் ஃபிக்ஸியும்

லாஜாக் என்ற மலாய்ச் சொல்லுக்கு நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விடுதல் என்று பொருள். எல்லை தாண்டிய படகைத் திருப்பிவிடலாம், எல்லை தாண்டிய சொல் கேடு தரும் என்கிற 'தெர்லாஜாக் பெராஹு' பழமொழியை நம் பிள்ளைகள் பள்ளியில் படித்திருப்பார்கள். 'பாசிக்கால் லாஜாக்' என்பது சின்ன சைக்கிளின் கைப்பிடியைத் தாழ்த்தி, இருக்கையை இறக்கி, பிரேக்கைக் கழற்றி மாற்றிக்கட்டிய வண்டி. 2017 பிப்ரவரியில் ஜொகூர் பாருவில் அதிகாலை இருட்டில் அப்படிப்பட்ட சைக்கிள்களோடு சாலையில் இருந்த எட்டுப் பிள்ளைகள் கார் மோதி இறந்தார்கள். அந்தச் செய்தி நாட்டையே உலுக்கியது. அந்தப் பெரியவரின் பயத்தில் நியாயம் இருக்கிறது.

ஆனால் இயந்திரம் என்று பார்த்தால் இரண்டும் நேர் எதிர். லாஜாக் ஓட்டும் பிள்ளைகள் வேகம் எடுத்த பிறகு கால்களைப் பின்னால் நீட்டி, சைக்கிளின் மேல் குப்புறப் படுத்துப் போவதைப் பார்த்திருப்பீர்கள். பெடலிலிருந்து காலை எடுத்தாலும் பெடல் சும்மா இருக்க வேண்டும், அப்போதுதான் அது முடியும். அதற்கு ஃப்ரீவீல் தேவை. ஃபிக்ஸியில் அப்படிப் படுத்தால் சுற்றும் பெடல் தொடையைப் பதம் பார்த்துவிடும். லாஜாக்கின் இன்பம் மிதிக்காமல் வழுக்கிப் போவதில் இருக்கிறது. ஃபிக்ஸியால் செய்யவே முடியாதது அது ஒன்றைத்தான்.

ஒரே கியர் என்பது வேறு கேள்வி

சைக்கிள்காரர்களே அதிகம் குழம்பும் இடம் இது. எத்தனை கியர் என்பது ஒரு கேள்வி. பிணைப்பா, ஃப்ரீவீலா என்பது இன்னொரு கேள்வி.

நம் அப்பா காலத்துச் சந்தை சைக்கிளுக்கு ஒரே கியர்தான். மிதிக்காமலும் ஓடும். அதற்கு சிங்கிள் ஸ்பீட் என்று பெயர், ஃபிக்ஸி என்று சொல்லக்கூடாது. மறுபக்கம், ஸ்டர்மி ஆர்ச்சர் நிறுவனம் எஸ்3எக்ஸ் என்ற ஹப்பைச் செய்தது. அதில் மூன்று கியர் உண்டு, ஆனால் மூன்றிலும் பெடல் நிற்காது. மூன்று கியர் ஃபிக்ஸி! கடையில் 'ஃபிக்ஸி' என்று எழுதி விற்கும் சைக்கிள்களில் பல, வாங்கும்போது ஃப்ரீவீல் மாட்டிய சிங்கிள் ஸ்பீட்தான். சோதிப்பது சுலபம். பின் சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பெடலைப் பின்னோக்கிச் சுற்றுங்கள். சக்கரமும் பின்னோக்கிச் சுற்றினால் ஃபிக்ஸி. பெடல் மட்டும் சுற்றினால் சிங்கிள் ஸ்பீட்.

சில ஹப்களில் ஒரு பக்கம் ஃபிக்ஸட் பல்சக்கரமும் மறுபக்கம் ஃப்ரீவீலும் இருக்கும். சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டினால் சைக்கிளின் குணமே மாறிவிடும். இதற்கு ஃபிளிப் ஃப்ளாப் ஹப் என்று பெயர். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது இதைத்தான்.

லாக்ரிங்: இந்தச் சின்ன வளையத்தை மறக்காதீர்கள்

பின் பல்சக்கரம் ஹப்பில் மரை மூலம் திருகப்பட்டிருக்கிறது. முன்னோக்கி மிதிக்க மிதிக்க அது இன்னும் இறுகும். ஆனால் வேகத்தைக் குறைக்க நாம் பெடலை எதிர்த்துப் பின்னோக்கி அழுத்துகிறோமே? அப்போது அதே பல்சக்கரம் தளரப் பார்க்கும்.

இதற்கு ஓர் அழகான ஏற்பாடு இருக்கிறது. பல்சக்கரத்துக்கு வெளியே இன்னொரு வளையத்தைத் திருகுகிறார்கள். அதுதான் லாக்ரிங். அதன் மரை தலைகீழ் மரை. சாதாரணத் திருகாணி இறுகும் திசையில் இது தளரும், தளரும் திசையில் இறுகும். பல்சக்கரம் கழன்று வெளியே வர முயன்றால், போகிற வழியில் லாக்ரிங்கையும் சேர்த்துத் திருப்பும். அந்தத் திருப்பம் லாக்ரிங்கை இறுக்கிவிடும். கழல முயற்சி செய்வதே அதைக் கட்டிப்போடுகிறது. முதன்முறை இதைப் புரிந்துகொண்ட அன்று ராத்திரி தூங்காமல் ஹப்பைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதன் அருமை எனக்குக் கஷ்டப்பட்டுத்தான் தெரிந்தது. என் முதல் ஃபிக்ஸியை ஒரு கடையில் கட்டிக்கொடுத்தார்கள். ஃப்ரீவீல் மாட்ட வேண்டிய சாதாரண ஹப்பில் பல்சக்கரத்தைத் திருகி, பசை போட்டு இறுக்கியிருந்தார்கள். அந்த ஹப்பில் லாக்ரிங்குக்கு மரையே கிடையாது. ஜாலான் பர்மாவில் விளக்குக்காக வேகத்தைக் குறைக்கக் காலை அழுத்தினேன். 'கடக்' என்றது. அடுத்த நொடி பெடல் காற்றில் சுற்றுவதுபோல் பின்னோக்கிச் சுழன்றது, வண்டி முன்னால் போய்க்கொண்டே இருந்தது. முன் பிரேக் இருந்ததால் இன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். வாங்கும்போது இரண்டு அடுக்கு மரை உள்ள ஹப்பா, லாக்ரிங் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பழகிய சைக்கிள்காரர்கள் லாக்ரிங் இல்லாத கட்டுமானத்துக்குத் தற்கொலை ஹப் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

சுருக்கமாக: ஃபிக்ஸட் பல்சக்கரமும் தலைகீழ் மரை லாக்ரிங்கும் எப்போதும் ஜோடி. ஒன்று இல்லாமல் மற்றதை நம்பக்கூடாது.

பிரேக் இல்லாத சைக்கிள் எங்கிருந்து வந்தது?

ஃப்ரீவீல் பரவலாக வருவதற்கு முன் எல்லாச் சைக்கிளும் ஃபிக்ஸட்தான். இன்றைய சைக்கிளின் வடிவத்தை நிலைநிறுத்திய, 1885இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி கொண்டுவந்த ரோவர் சைக்கிளிலும் பெடல் நிற்காது. டூர் டி பிரான்ஸ் போட்டியில் செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் டெரெய்லர் கருவியை முன்னணி வீரர்களுக்கு 1937இல்தான் அனுமதித்தார்கள். அதுவரை மலை அடிவாரத்தில் இறங்கி, பின் சக்கரத்தைக் கழற்றி, மறுபக்கப் பல்சக்கரம் வரும்படி திருப்பி மாட்டிக்கொண்டு ஏறினார்கள்.

சாலையிலிருந்து ஃபிக்ஸட் மறைந்த பிறகும் ஓர் இடத்தில் தங்கிவிட்டது: வெலோட்ரோம், அதாவது சாய்வான வளைவுகள் உள்ள சைக்கிள் பந்தயத் தளம். நெகிரி செம்பிலானின் நீலாயில் இருக்கும் நம் தேசிய வெலோட்ரோமில் ஒரு சுற்று 250 மீட்டர். அங்கே ஓடும் எந்தப் பந்தயச் சைக்கிளிலும் பிரேக் கிடையாது. திரெங்கானு டுங்குனில் பிறந்த அசிசுல்ஹஸ்னி அவாங் 2016 ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலமும், 2021இல் நடந்த தோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளியும் வாங்கியது, 2017இல் உலக வெற்றியாளர் ஆனது, எல்லாமே இப்படிப்பட்ட சைக்கிளில்தான். அவர் வென்ற பந்தயத்தின் பெயர் கெய்ரின். ஜப்பானில் 1948இல் தொடங்கிய பந்தயம் அது. இன்றைக்கும் அங்கே கெய்ரின் வீரர்கள் பெரும்பாலும் இரும்புச் சட்டத்தில்தான் ஓட்டுகிறார்கள். சட்டத்திலும் உதிரிப்பாகத்திலும் என்ஜேஎஸ் என்ற ஒப்புதல் முத்திரை இருக்க வேண்டும். பழைய சைக்கிள் ஆர்வலர்கள் அந்த முத்திரை உள்ள சாமானுக்கு அலைவதன் காரணம் இதுதான்.

வெலோட்ரோமில் பிரேக் இல்லாததற்கு வீரம் காரணமில்லை, பாதுகாப்புத்தான் காரணம். எல்லாரும் ஒரே திசையில் போகிறார்கள். குறுக்கே ஆள் வராது, மோட்டார் வராது, பூனை வராது. முன்னால் போகிறவர் சட்டென்று பிரேக் பிடித்தால் பின்னால் ஒரு கை தூரத்தில் வருபவர் மேலே ஏறிவிடுவார். யாராலும் சட்டென்று நிற்க முடியாது என்பதுதான் அங்கே எல்லாரையும் காப்பாற்றுகிறது. ஜார்ஜ்டவுனின் சூலியா ஸ்ட்ரீட்டில் இந்த நிபந்தனைகளில் ஒன்றுகூடப் பொருந்தாது.

பல் கணக்கு

ஃபிக்ஸி வாங்கும்போது "நாற்பத்தாறு பதினாறு" என்பதுபோல் பேசுவார்கள். முன் பல்சக்கரத்தில் 46 பல், பின்னால் 16 பல் என்று அர்த்தம். 46ஐ 16ஆல் வகுத்தால் 2.875. பெடலை ஒருமுறை முழுதாகச் சுற்றினால் பின் சக்கரம் 2.875 முறை சுற்றும். இதற்குப் பல் விகிதம் என்று பெயர்.

படிக்கட்டு ஏறுவதுபோல்தான் இது. ஒவ்வொரு படியாக ஏறினால் சுலபம், ஆனால் நிறைய எட்டு வைக்க வேண்டும். மூன்று மூன்று படியாகத் தாவினால் எட்டு குறையும், தொடை வலிக்கும். ஒல்லியான டயர் போட்ட சக்கரம் ஒரு சுற்றில் சுமார் 2.1 மீட்டர் போகும். ஆகவே 46-16இல் ஒரு மிதிக்கு 6 மீட்டர் போகலாம். 44-18 என்றால் விகிதம் 2.44, ஒரு மிதிக்கு 5.1 மீட்டர். நிமிடத்துக்கு 90 முறை மிதித்தால் முதலாவதில் ஏறக்குறைய 32 கிலோமீட்டர் வேகம் வரும், இரண்டாவதில் 27 அல்லது 28.

புதியவர்களுக்கு 44-18 அளவு லேசான கியரைத்தான் பரிந்துரைப்பேன். ஜார்ஜ்டவுன் சமதளம், அங்கே எதுவும் ஓடும். ஆனால் கியர் கனமானால் கிளம்புவது மட்டும் கடினமாவதில்லை, காலால் வேகத்தைக் குறைப்பதும் கடினமாகும். இதைப் பலர் யோசிப்பதில்லை.

இறக்கத்தையும் கணக்கில் எடுங்கள். ஜாலான் துன் சார்டோனில் பாலிக் பூலாவ் பக்கம் இறங்கும்போது சாதாரண சைக்கிளில் ஹாயாக உட்கார்ந்திருப்போம். 44-18 ஃபிக்ஸியில் 50 கிலோமீட்டர் வேகம் வந்துவிட்டால் கால் நிமிடத்துக்கு 160 முறைக்கு மேல் சுற்ற வேண்டும், நொடிக்கு இரண்டரை சுற்றுக்கும் அதிகம். கால் ஈடுகொடுக்காவிட்டாலும் பெடல் காத்திருக்காது. முதல் வருடம் மலைப்பக்கமே போகாதீர்கள்.

பிரேக்: பேசியே ஆகவேண்டிய விஷயம்

"ஃபிக்ஸியில் கால்தான் பிரேக், எதற்குத் தனி பிரேக்?" என்று கேட்பார்கள். கால் பிரேக்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் எந்தச் சக்கரத்துக்கு?

பேருந்தில் நின்றுகொண்டு போகிறீர்கள், ஓட்டுநர் பிரேக் அடிக்கிறார். உடம்பு முன்னால் சாய்கிறது. சைக்கிளும் அப்படித்தான். வேகம் குறையும்போது உங்கள் எடையும் வண்டியின் எடையும் முன் சக்கரத்தின் மேல் போய் விழுகின்றன, பின் சக்கரம் லேசாகிறது. எடை குறைந்த சக்கரத்துக்குச் சாலையைப் பிடிக்கும் திறனும் குறைகிறது. எவ்வளவு பலமாக அதை நிறுத்த முயன்றாலும் ஓர் எல்லைக்கு மேல் அது தேய்ந்துகொண்டு வழுக்கும், அவ்வளவுதான். காலால் பிடிக்கும் பிரேக் அந்தப் பின் சக்கரத்தில் மட்டுமே வேலை செய்கிறது. நல்ல முன் பிரேக்கோடு நிற்பதைவிடப் பின் சக்கரத்தை மட்டும் நம்பி நிற்க, உலர்ந்த சாலையிலேயே ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரம் வேண்டும். 25 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் ஒரு நொடியில் 7 மீட்டர் கடக்கிறார். கடை வீட்டு ஐந்தடி நடைபாதையிலிருந்து ஒரு குழந்தை ஓடி வந்தால் அந்த மீட்டர்கள்தான் எல்லாம்.

காணொளிகளில் பின் சக்கரத்தைப் பூட்டி 'சர்ர்' என்று தேய்த்துக்கொண்டு போவார்களே, அதற்கு ஸ்கிட் என்று பெயர். எடையை முன்னால் தள்ளி, காலை இறுக்கிச் சக்கரத்தை நிறுத்துகிறார்கள். பார்க்க அழகுதான், நானும் செய்திருக்கிறேன். ஆனால் அது நிற்கும் வழி இல்லை. டயரையும் தின்றுவிடும். இதில் ஒரு சுவையான கணக்கு உண்டு. 48-16 என்றால் விகிதம் சரியாக 3. பெடல் ஒவ்வொரு முறையும் அதே நிலைக்கு வரும்போது டயரின் அதே இடம்தான் தரையில் இருக்கும். ஒரே காலை முன்னால் வைத்து ஸ்கிட் அடித்தால் எப்போதும் ஒரே இடம் தேய்ந்து சீக்கிரமே ஓட்டையாகிவிடும். 46-16இல் தேய்மானம் எட்டு இடங்களுக்குப் பிரியும். பின்னால் 17 பல் வைத்து முன்னால் 46, 47, 48 என எது வைத்தாலும் 17 இடங்களுக்குப் பிரியும்.

பிரிட்டனில் சட்டமே இதைப் புரிந்துவைத்திருக்கிறது. பிணைந்த பின் சக்கரத்தை ஒரு பிரேக்காக ஏற்றுக்கொள்கிறார்கள், ஆனால் முன் பிரேக் கட்டாயம். நம் ஊர் மழையை நினைத்தால் எனக்கு வேறு வாதமே தேவையில்லை. முன் பிரேக் போட்ட ஃபிக்ஸி முழுமையான ஃபிக்ஸி. பிணைப்பு அப்படியே இருக்கிறது, ஒன்றும் குறைந்துபோகவில்லை.

முதல் நாட்கள்

முதல் இரண்டு வாரம் ஃபிளிப் ஃப்ளாப்பின் ஃப்ரீவீல் பக்கத்தில் ஓட்டிச் சைக்கிளின் எடையையும் பிரேக்கையும் பழகுங்கள். அப்புறம் காலியான ஒரு மைதானத்தில் சக்கரத்தைத் திருப்பி மாட்டுங்கள். நம் உடம்புக்கு ஒரு பழக்கம் இருக்கிறது: பள்ளம் வந்தால், திருப்பம் வந்தால், கால் தானாக மிதிப்பதை நிறுத்தும். குரங்கு பெடல் அடித்த நாளிலிருந்து வந்த பழக்கம். ஃபிக்ஸியில் காலை நிறுத்த முயன்றால் பெடல் காலைத் தூக்கி அடிக்கும், இருக்கையிலிருந்து எகிறிவிடுவீர்கள். அந்தப் பழக்கம் மறையும்வரை சாலை வேண்டாம்.

பெடலில் கால் பட்டை அவசியம். கால் நழுவினாலும் பெடல் சுழல்வதை நிறுத்தாது, திரும்பக் காலை வைப்பது கஷ்டம். திருப்பத்தில் வண்டியை அதிகம் சாய்க்காதீர்கள், உள்பக்கப் பெடல் தரையில் இடிக்கும். பந்தயச் சட்டங்களில் மிதிக்கும் அச்சைக் கொஞ்சம் உயரத்தில் வைத்து, பெடலைத் தாங்கும் கையான கிராங்கை 165 மில்லிமீட்டர் அளவுக்குக் குட்டையாக்குவது இதற்காகத்தான். கைலி, தொளதொள கால்சட்டை, நீண்ட ஷூ நாடா எதுவும் வேண்டாம்.

இன்னொன்று. செயினைத் துடைக்கும்போது சக்கரத்தைச் சுழலவிட்டுத் துணியைப் பிடிக்காதீர்கள். சாதாரண சைக்கிளில் துணி மாட்டினால் பெடல் நின்றுவிடும். ஃபிக்ஸியில் சுழலும் சக்கரத்தின் வேகம் முழுவதும் செயின் வழியாக விரலை இழுத்துப் பல்லுக்குள் கொண்டுபோகும். விரல் போனவர்கள் இருக்கிறார்கள். சக்கரத்தை நிறுத்தி, ஒவ்வொரு துண்டாகத் துடையுங்கள்.

தாத்தாவின் ராலேயை ஃபிக்ஸி ஆக்கலாமா?

தேநீர்க் கடைப் பெரியவரிடம் இதில் கால்வாசியைத்தான் சொன்னேன். பின் சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துப் பெடலைப் பின்னோக்கிச் சுற்றச் சொன்னேன். சுற்றினார், சக்கரமும் பின்னால் சுற்றியது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்கப்பா பால் ஊத்தின ராலே சைக்கிள் ஒண்ணு வீட்டுப் பின்பக்கம் கெடக்கு. அத இப்படி மாத்தலாமா?" என்று கேட்டார்.

பழைய சைக்கிளை ஃபிக்ஸியாக மாற்றலாமா என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் ஒரே இடம்தான்: பின் அச்சு உட்காரும் வாய். டிராப் அவுட் என்பார்கள். அந்த வாய் படுக்கைவாட்டில் நீண்டிருந்தால் சக்கரத்தை முன்னும் பின்னும் நகர்த்திச் செயினை இறுக்கலாம். ஃபிக்ஸியில் செயின் தொங்கினால் கழன்றுவிடும், கழன்றால் பின் சக்கரம் பூட்டிக்கொள்ளக்கூடும். அதனால் இது உயிர்நிலை. செயினின் நடுப்பகுதி மேலும் கீழும் அரை அங்குலம் அசையலாம், அதற்கு மேல் வேண்டாம். புதிய கியர் சைக்கிள்களில் அந்த வாய் நேராகக் கீழ்நோக்கி இருக்கும். சக்கரத்தை நகர்த்த வழியில்லை. 1970கள், 80களின் இரும்பு ரேசிங் சைக்கிள்களில் படுக்கைவாட்டு வாய் சாதாரணம். மாற்றிக்கட்ட அவைதான் மிகப் பொருத்தம். லோரோங் கூலிட் பழஞ்சாமான் சந்தைப் பக்கம் காலையில் போகிறவர்கள் சட்டத்தைப் பார்த்தால் முதலில் அந்த வாயைப் பாருங்கள், பெயிண்ட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ராலே விஷயம் வேறு. அந்தச் சைக்கிளின் பிரேக் கம்பியாலானது. கைப்பிடியிலிருந்து இரும்புக் கோல்கள் இறங்கி, பிரேக் கட்டையை ரிம்மின் உள்பக்கமாக மேலே இழுக்கும். அதற்கென்றே வளைத்த ரிம் வேண்டும். ஃபிக்ஸட் ஹப் போட்ட புதுச் சக்கரத்தை மாட்டினால் அந்தப் பிரேக் பயனற்றுப்போகும். அதில் இருக்கும் ஸ்டர்மி ஆர்ச்சர் ஹப், முன்னால் சொன்ன எஸ்3எக்ஸ் இல்லை, ஃப்ரீவீல் உள்ள சாதாரண மூன்று கியர் ஹப். அதில் ஃபிக்ஸட் பல்சக்கரத்துக்கும் லாக்ரிங்குக்கும் மரை கிடையாது. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் செய்த ராலேக்களில் மிதி அச்சு உட்காரும் இடத்துக்கு அங்குலத்துக்கு 26 மரை, மற்றவர்கள் செய்தது 24 மரை. புது அச்சு வாங்கினால் உள்ளே போகாது. ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால் கடைசியில் ராலே என்று சொல்லச் சட்டம் மட்டுமே மிஞ்சும், கழற்றிய நல்ல சாமான்கள் சாக்கில் துருப்பிடிக்கும்.

எனக்கு இதில் உறுதியான எண்ணம் உண்டு. முழுதாக இருக்கும் பழைய வண்டியை முழுதாகவே ஓடவிடுங்கள். பாதி போன சட்டம், சக்கரம் இல்லாத ரேசிங் சைக்கிள், இவற்றைத்தான் ஃபிக்ஸி ஆக்க வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா மகனையும் கூட்டிக்கொண்டு பெரியவர் வீட்டுக்குப் போனேன். வண்டி மழைத் தாழ்வாரத்தில் சாய்ந்திருந்தது. செயின் மூடிக்குள் எண்ணெய்ப் பிசுக்கு அப்படியே இருந்ததால் உள்ளே துருவே இல்லை. மண்ணெண்ணெய் தொட்ட துணியால் பின் ஹப்பைத் துடைத்தோம். ஸ்டர்மி ஆர்ச்சர் ஹப்பின் மேல் செய்த வருடமும் மாதமும் குத்தியிருப்பார்கள். அழுக்கு விலக விலக எழுத்து தெரிந்தது: ஏ.டபிள்யூ. என்ற ஹப் மாடலின் பெயர், பக்கத்தில் 56, அதன் பக்கத்தில் 3. 1956 மார்ச்.

"மெர்டேக்காவுக்கு முந்தின வருஷம்" என்றார் பெரியவர். குனிந்து, விரலால் அந்த எண்ணைத் தடவிப் பார்த்தார்.

பிரேக் கட்டை நான்கையும், கிராங்கைப் பிடிக்கும் காட்டர் பின் இரண்டையும் மாற்றினோம். ஹப்புக்கு எண்ணெய் விட்டோம். பெரியவர் வீட்டு வாசலில் இரண்டு சுற்று ஓட்டினார். மிதிப்பதை நிறுத்தினார், 'டிக் டிக் டிக்' என்று வண்டி தானாகப் போனது. அக்கா மகன் காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.